ரத்தத்தில் ஒரு பட்டாளம்

நோயோடு போராடும் வெள்ளை அணுக்களை உலகுக்குக் காட்டிய மெச்னிகோவின் வாழ்க்கை

காலில் ஒரு முள் குத்திவிடுகிறது. வேலை அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மறுநாள் அந்த இடம் சிவக்கிறது. தொட்டால் சுடுகிறது. வீங்குகிறது. விண்விண் என்று தெறிக்கிறது. நாலைந்து நாளில் சீழ் கட்டுகிறது. சீழோடு முள்ளும் வெளியே வருகிறது. புண் ஆறிவிடுகிறது.

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்தச் சீழ் என்ன என்று எப்போதாவது யோசித்தது உண்டா?

அது உடம்பிலிருந்து வெளியேறும் கெட்ட நீர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அது ஒரு போர்க்களம். நம்மைக் காப்பாற்றுவதற்காகக் கிருமிகளோடு சண்டையிட்டு மாண்டுபோன கோடிக்கணக்கான வீரர்களின் உடல்கள்தான் சீழ்!

நம் உடம்புக்குள் இப்படி ஒரு பட்டாளம் இருக்கிறது, அது இரவும் பகலும் கிருமிகளோடு போராடுகிறது என்று எடுத்துக் காட்டியவர் ஒரு ருஷ்ய விஞ்ஞானி. அவர் பெயர் எலீ மெச்னிகோவ்.

அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. பூச்சி, புழு, நட்சத்திர மீன் ஆகியவற்றை ஆராய்ந்தவர். அது ஒரு வியப்பு. அதைவிடப் பெரிய வியப்பு இன்னொன்று உண்டு. உயிர் வாழ்வதற்காக உடம்பு எப்படிப் போராடுகிறது என்று உலகுக்குச் சொன்ன அவர், தம் வாழ்க்கையை வெறுத்து இரண்டு தடவை சாவைத் தேடிப் போனவர்!

காசு கொடுத்துப் பாடம் சொன்ன சிறுவன்

1845-ம் ஆண்டு மே மாதம், கார்கோவ் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் மெச்னிகோவ் பிறந்தார். அன்று அது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. இன்று உக்ரைன் நாட்டில் இருக்கிறது.

தந்தை, அரசரின் காவல் படையில் அதிகாரி. தலைநகரில் வசித்தபோது சொத்தில் பெரும் பகுதி ஆடம்பரத்திலும் சீட்டாட்டத்திலும் கரைந்து போயிற்று. மீதி இருந்த பண்ணையை நம்பிக் குடும்பம் கிராமத்துக்குக் குடியேறியது. ஐந்து குழந்தைகளில் மெச்னிகோவ் கடைக்குட்டி.

அண்ணனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அவர் செடி கொடிகளைப் பற்றிச் சொன்னதை எல்லாம் அண்ணனைவிடத் தம்பிதான் ஆவலோடு கேட்டான். எட்டு வயதுச் சிறுவன், தான் கற்றதை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்பட்டான். யார் உட்கார்ந்து கேட்பார்கள்? தனக்குக் கிடைத்த கைச்செலவுக் காசைக் கொடுத்து அவர்களை உட்கார வைத்துப் பிரசங்கம் செய்தான்!

பையன் வளர்ந்ததும் டாக்டராக விரும்பினான். தாய் எமிலியா தடுத்துவிட்டாள். இளகிய மனம் படைத்த தன் பிள்ளை, நோயாளிகள் படும் வேதனையைத் தாங்க மாட்டான் என்பது அவள் எண்ணம். அதனால் மெச்னிகோவ் விலங்கியல் படித்தார். கார்கோவ் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டுப் படிப்பை 2 ஆண்டில் முடித்தார். அப்போது அவருக்கு வயது 19.

பிறகு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்க் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தார். 1865-ல் ஒரு தட்டைப் புழுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. புழுவின் உடம்பில் இருந்த உயிரணுக்கள், உணவுத் துணுக்குகளைத் தாமே விழுங்கி, தமக்குள்ளேயே செரித்துக்கொண்டன. வேடிக்கையான செய்தி என்று அதைக் குறித்து வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு நாள் அதுவே பெரிய உண்மைக்குத் திறவுகோல் ஆகப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

நாற்காலியில் வந்த மணப்பெண்

1869-ல் மெச்னிகோவுக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் லுட்மில்லா. அவளுக்கு நெஞ்சில் நோய். மாதா கோயிலுக்கு நடந்து வரக்கூட அவளால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள்.

அவளைப் பிடித்திருந்தது காசநோய். அக்காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. வெயிலும் நல்ல காற்றும் உள்ள இடத்துக்குப் போனால் குணமாகலாம் என்பது ஒன்றே நம்பிக்கை. மனைவியைக் காப்பாற்ற மெச்னிகோவ் படாத பாடு பட்டார். கல்லூரியில் பாடம் சொன்னார். இரவில் கண் விழித்து மொழிபெயர்ப்பு வேலை செய்தார். கிடைத்த பணத்தைக் கொண்டு அவளை ஊர் ஊராக அழைத்துப் போனார். கடைசியில் அட்லாண்டிக் கடலில் உள்ள மதீராத் தீவுக்கும் கொண்டு சேர்த்தார்.

பலன் இல்லை. 1873-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லுட்மில்லா அங்கேயே இறந்து போனாள்.

மெச்னிகோவ் இடிந்து போனார். கண் பார்வையும் கெட்டிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்க்க முடியாத விஞ்ஞானி எதற்கு உயிர் வாழ்வது என்று எண்ணினார். உயிரை விடத் துணிந்தார். ஆனால் பிழைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் ஓர் இரவு, ஜெனீவா நகரத்துப் பாலத்தில் நின்றிருந்தார். விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. பிறந்து சில மணி நேரமே வாழும் பூச்சிகள் இவை என்று அவர் நினைத்தார். இவ்வளவு குறுகிய வாழ்வில் இந்தப் பூச்சி இனம் எப்படி நிலைத்து நிற்கிறது என்ற கேள்வி மனத்தில் எழுந்தது. கேள்வி எழுந்ததும் விஞ்ஞானி விழித்துக்கொண்டார். துக்கத்தில் மூழ்கியிருந்த மனிதரை ஒரு பூச்சி கரை ஏற்றிவிட்டது!

மீண்டும் ஒரு சோதனை

மெச்னிகோவ் ஒடெஸ்ஸா நகரத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். அவர் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பெரிய குடும்பம் வசித்தது. அந்த வீட்டுப் பெண் ஓல்காவுக்கு விலங்கியல் சொல்லிக் கொடுத்தார். 1875-ல் அவளையே மணந்துகொண்டார். ஓல்கா கடைசி வரைக்கும் அவருடைய ஆராய்ச்சிக்குத் துணையாக நின்றாள். பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் அவள்தான்.

ஆனால் துன்பம் அவரை விடவில்லை. 1880-ல் ஓல்கா டைபாய்டு காய்ச்சலில் படுத்துச் சாகும் நிலைக்குப் போய் மீண்டாள். மெச்னிகோவுக்கோ இருதயக் கோளாறு. பல்கலைக்கழகத்தில் ஓயாத சச்சரவு. 1881-ல் மறுபடியும் அவருக்கு வாழ்க்கை வெறுத்தது.

இந்தத் தடவை அவர் மனம் விசித்திரமாக வேலை செய்தது. சாவதுதான் சாகிறோம், அதனால் விஞ்ஞானத்துக்கு ஒரு நன்மையாவது கிடைக்கட்டும் என்று எண்ணினார். விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் ரத்தத்தின் மூலம் பரவுமா என்று அறிய விரும்பினார். அந்த நோயாளியின் ரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது. பரவும் என்பது நிச்சயமாயிற்று. சாவின் விளிம்பு வரை போனவர், மெல்ல மெல்லத் தேறி எழுந்தார்.

எழுந்தவர் புது மனிதராக இருந்தார். உலகம் அவருக்கு இனிமையாகத் தோன்றிற்று. அதன் பிறகு அவர் சாவைத் தேடவே இல்லை. சாவைத் தள்ளிப் போடும் வழியைத்தான் தேடினார். துயரம் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது நிலையானது அல்ல என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி. அன்று அவர் மாண்டிருந்தால், அடுத்த ஆண்டு நடந்தது நடந்திருக்காது.

சர்க்கஸுக்குப் போகாத நாள்

1882-ல் மெச்னிகோவ் வேலையை ராஜினாமா செய்தார். ஓல்காவின் தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே மெசினா என்ற கடற்கரை ஊரில் வீடு பிடித்தார்.

ஒரு நாள் ஊரில் சர்க்கஸ் வந்திருந்தது. குரங்குகள் வித்தை காட்டுகின்றன என்று கேட்டு வீட்டில் எல்லோரும் புறப்பட்டுப் போனார்கள். மெச்னிகோவ் மட்டும் பூதக்கண்ணாடியோடு வீட்டில் இருந்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் குஞ்சு. அது கண்ணாடி போன்ற உடம்பு படைத்தது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் உடம்புக்குள் சில அணுக்கள் அங்கும் இங்கும் ஊர்ந்து திரிந்தன. எங்கோ காவல் சுற்றுவது போல இருந்தது அவற்றின் நடமாட்டம்.

திடீரென்று அவருக்கு ஒரு யோசனை மின்னிற்று. தட்டைப் புழுவில் உணவை விழுங்கிய அணுக்களைப் போலத்தானே இவையும் இருக்கின்றன? உணவை விழுங்கக் கூடியவை கிருமியையும் விழுங்கலாம் அல்லவா? மனித ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் இந்த வேலையைத்தான் செய்கின்றனவோ?

அவரால் உட்கார முடியவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடற்கரைக்குப் போய் நின்று யோசித்தார். தம் எண்ணம் சரியானால், அந்தக் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைச் செருகினால், இந்த அணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தில் ரோஜாச் செடி இருந்தது. சிறிய முட்களை ஒடித்து வந்தார். நட்சத்திர மீன் குஞ்சின் தோலுக்கு அடியில் செருகினார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

பொழுது விடிந்ததும் ஓடிப்போய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் கும்பலாகக் கூடி நின்றன! கோட்டைக்குள் புகுந்த பகைவனை வீரர்கள் வளைத்துக்கொண்டது போல இருந்தது அந்தக் காட்சி.

அந்தக் குஞ்சுக்கு ரத்தக் குழாய் கிடையாது. ஆனாலும் அணுக்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. ஆகவே சிவந்து வீங்குவது வெறும் நோய் அல்ல. அது உடம்பு நடத்தும் எதிர்ப்பு என்று மெச்னிகோவ் துணிந்தார்.

வெள்ளை அணுக்களுக்குள் கிருமிகள் இருப்பதை அதற்கு முன்பே டாக்டர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த அணுக்கள் கிருமிகளைச் சுமந்துகொண்டு போய் உடம்பெங்கும் பரப்புகின்றன என்றே பலர் நம்பினார்கள். காவல்காரனைத் திருடனுக்குக் கூட்டாளி என்று எண்ணிவிட்டார்கள்!

வியன்னாவுக்குப் போனபோது அங்கிருந்த பேராசிரியர் கிளாஸ், இந்த அணுக்களுக்கு ஒரு கிரேக்கப் பெயரை எடுத்துக் கொடுத்தார். பாகோசைட் என்பது அந்தப் பெயர். விழுங்கும் அணு என்று அதற்குப் பொருள்.

தெள்ளுப்பூச்சியின் உடம்பில் ஒரு யுத்தம்

முள்ளுக்கு உயிர் இல்லை. உயிருள்ள கிருமியை இந்த அணுக்கள் வெல்லுமா?

அதையும் மெச்னிகோவ் பார்த்தார். குளத்து நீரில் டாப்னியா என்ற மிகச் சிறிய பூச்சி உண்டு. அதன் உடம்பும் கண்ணாடி போன்றது. ஊசி போன்ற காளான் விதைகள் அதன் வயிற்றைத் துளைத்து உள்ளே புகும். உடனே விழுங்கும் அணுக்கள் ஓடிவந்து அவற்றைச் சூழும். எல்லா விதைகளையும் விழுங்கிவிட்டால் பூச்சி பிழைக்கும். சில விதைகள் தப்பி முளைத்துப் பெருகிவிட்டால் பூச்சி சாகும். 1884-ல் இதை அவர் வெளியிட்டார்.

கொடிய தொற்று நோய் என்பது என்ன என்ற கேள்விக்கு இதிலே விடை இருக்கிறது. கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, உடம்பின் வீரர்கள் எவ்வளவு வேகமாக வந்து சேருகிறார்கள், இந்த இரண்டுக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயம்தான் அது.

ஒடெஸ்ஸாவிலிருந்து பாரிஸுக்கு

1885-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு ஊசி கண்டுபிடித்துப் புகழ் பெற்றார். மறு ஆண்டே ஒடெஸ்ஸாவில் ஓர் ஊசி மருந்து நிலையம் அமைந்தது. அதற்கு மெச்னிகோவ் தலைவர் ஆனார்.

அந்த வேலை அவருக்கு நிம்மதி தரவில்லை. அவர் டாக்டர் அல்ல என்று உள்ளூர் டாக்டர்கள் எதிர்த்தார்கள். அவர் ஊரில் இல்லாதபோது நிலையத்தார் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பு ஊசி போட்டார்கள். ஏராளமான ஆடுகள் செத்துப் போயின. பழி நிலையத்தின் மேல் விழுந்தது. மெச்னிகோவ் மனம் கசந்து வெளியேறினார்.

எங்கே போவது? பெர்லினில் பெரிய விஞ்ஞானி காக் இருந்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் அவர். மெச்னிகோவ் காட்டியதை அவர் நம்பவில்லை. பாரிஸில் பாஸ்டர் அன்போடு வரவேற்று, தம் புது நிலையத்தில் இடம் கொடுத்தார். 1888-ல் அங்கே போய்ச் சேர்ந்த மெச்னிகோவ், சாகும் வரை 28 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார்.

ஒடெஸ்ஸாவில் அவரிடம் படித்த மாணவர் ஒருவரும் பின்னால் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஹாப்கின். நம் நாட்டுக்கு மிகவும் வேண்டியவர் இவர். காலரா தடுப்பு ஊசியைக் கண்டுபிடித்து, 1893-ல் இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டார். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பு ஊசியைத் தயாரித்து முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பம்பாயில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டு கட்சிகள்

இதற்கிடையில் ஜெர்மனியிலிருந்து ஒரு பெரும் செய்தி வந்தது. 1890-ல் பெர்லினில் பெரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாட்டோ என்ற ஜப்பானியரும் ஒரு புதுமையைக் கண்டார்கள். நோய்க்குத் தப்பிய பிராணியின் ரத்தத்தில், அணுக்களை எல்லாம் நீக்கிவிட்டு எஞ்சிய தெளிந்த நீரில், கிருமியின் விஷத்தை முறிக்கும் ஒரு பொருள் இருந்தது. குதிரைகளிடமிருந்து அந்த நீரை எடுத்து ஊசி போட்டதில், தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவால் மூச்சுத் திணறிய குழந்தைகள் பலர் பிழைத்து எழுந்தார்கள்.

உடனே விஞ்ஞானிகள் இரண்டு கட்சி ஆனார்கள். நம்மைக் காப்பது ரத்த நீரில் உள்ள மாற்று மருந்தே என்றார்கள் ஜெர்மானியர்கள். விழுங்கும் அணுக்களே என்றார் மெச்னிகோவ். 20 ஆண்டுகள் வரை இந்தச் சண்டை நடந்தது. மாநாடுகளில் வாக்குவாதம் அனல் பறந்தது. மெச்னிகோவ் பேசும்போது அவருடைய தாடியும் தலைமயிரும் சிலிர்த்து நிற்கும். கைகள் ஒரு நிலையில் இருக்கமாட்டா.

1892-ல் காலரா பரவியபோது அவர் காலராக் கிருமிகளைத் தாமே குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அவரைப் பின்பற்றிக் குடித்த ஓர் இளைஞர் கடும் நோயில் விழுந்து, செத்துப் பிழைத்தார். ஒரே கிருமி ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரைப் பிடிப்பது ஏன்? குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளும் இதில் பங்கு கொள்கின்றனவோ என்று மெச்னிகோவ் அன்றே சந்தேகித்தார்.

1894-ல் அவருக்கு ஒரு பேரிடி. காலராவுக்குத் தப்பிய பிராணியின் வயிற்றில், எந்த அணுவின் உதவியும் இல்லாமல் காலராக் கிருமிகள் கரைந்து போவதை பைபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி காட்டினார். இதை ஆராய்ந்து முழுமையாக்கியவர் யார் தெரியுமா? மெச்னிகோவின் ஆய்வுக் கூடத்திலேயே வேலை செய்த போர்டே என்ற பெல்ஜிய இளைஞர்! தம் குருவின் கொள்கைக்கு எதிராக இருந்த உண்மையை, அந்தக் குருவின் கூரைக்குக் கீழே இருந்துகொண்டே அவர் கண்டுபிடித்தார். பின்னால் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

கடைசியில் வழக்கு எப்படித் தீர்ந்தது? 1903-ல் லண்டனில் ரைட், டக்ளஸ் என்ற இருவர் ஓர் உண்மையைக் கண்டார்கள். ரத்த நீரில் உள்ள பொருள் கிருமியின் மேல் படிந்துகொள்கிறது. அப்படிப் படிந்த கிருமியைத்தான் வெள்ளை அணுக்கள் ஆவலோடு விழுங்குகின்றன. வெறும் சோற்றைத் தொடாத குழந்தை, குழம்பு ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் விரும்பி உண்ணுகிறது அல்லவா? அதைப் போல!

ஆக இரண்டு கட்சியும் வென்றது. 1908-ல் நோபல் பரிசை மெச்னிகோவுக்கும், எதிர்க் கட்சியைச் சேர்ந்த எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானிக்கும் சரிபாதியாகக் கொடுத்தார்கள்.

பட்டாளத்தின் பிரிவுகள்

மெச்னிகோவுக்குப் பின் விஞ்ஞானம் வெகு தூரம் வந்துவிட்டது. இன்று நமக்குத் தெரிந்தது இது.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் வரிசைச் சிப்பாய்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, நாள் ஒன்றுக்குச் சுமார் 10,000 கோடி சிப்பாய்களைத் தயாரித்து அனுப்புகிறது. காயம் பட்ட இடத்தில் ரத்தக் குழாய் விரிகிறது. அதனால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது. குழாயின் சுவர் இளகி வழி விடுகிறது. அதனால் வீங்குகிறது. சிப்பாய்கள் அந்த வழியாக வெளியேறிக் கிருமிகளை விழுங்குகிறார்கள், விழுங்கிவிட்டு மாள்கிறார்கள்.

அடுத்து வருவது பெரு விழுங்கிகள். இந்தப் பெயரைக் கொடுத்தவரும் மெச்னிகோவ்தான். இவை கிருமியையும் விழுங்கும். மாண்ட சிப்பாய்களையும் விழுங்கிக் களத்தைச் சுத்தம் செய்யும். அதோடு நிற்பதில்லை. இவையும் இவற்றின் கூட்டாளிகளான வேறு சில அணுக்களும், கிருமியின் துண்டைத் தலைமைக் காவல் நிலையத்துக்குக் காட்டுகின்றன. கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறதே, அங்கேதான் அந்த நிலையம் இருக்கிறது.

அங்கே இரண்டாம் படை புறப்படுகிறது. அதில் ஒரு பிரிவு, குறிப்பிட்ட அந்தக் கிருமிக்கு என்றே மாற்றுப் பொருளைச் செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. பெரிங் கண்டது இதைத்தான். இன்னொரு பிரிவு, கிருமி புகுந்துவிட்ட அணுக்களைத் தேடி அழிக்கிறது. இந்தப் படை திரள ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை கோட்டையைக் காப்பது மெச்னிகோவின் சிப்பாய்களே.

போர் முடிந்த பிறகு சில வீரர்கள் கலையாமல் நின்றுவிடுகிறார்கள். பகைவனின் முகம் அவர்களுக்கு மறப்பதில்லை. அதனால்தான் ஒரு தடவை அம்மை கண்டவர்களுக்குப் பெரும்பாலும் அது மறுபடி வருவதில்லை. தடுப்பு ஊசி என்பது பகைவன் வருமுன் அவன் முகத்தைப் படையினருக்குக் காட்டி வைப்பதுதான்.

பட்டாளம் தோற்பது எப்போது?

சில கிருமிகள் தந்திரம் படைத்தவை. காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற போர்வை உண்டு. பெரு விழுங்கி அதை விழுங்குகிறது. ஆனால் கொல்ல முடிவதில்லை. விழுங்கியவன் வயிற்றிலேயே கிருமி குடித்தனம் நடத்துகிறது! உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறை வைக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, பட்டினியாலோ நீரிழிவாலோ எய்ட்ஸ் கிருமியாலோ காவல் தளர்ந்தால், சிறை உடைந்து நோய் வெளிப்படும்.

லுட்மில்லாவைக் கொன்ற கிருமி இதுதான். மெச்னிகோவ் உலகுக்குக் காட்டிய அதே அணுவுக்குள்தான் அது ஒளிந்திருந்தது.

சில வேளைகளில் பட்டாளமே ஆபத்தாகிவிடும். கிருமி ரத்தமெங்கும் பரவினால், உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் அபாயச் சங்கு ஊதப்படுகிறது. ஒரு விரலில் நடக்க வேண்டிய வீக்கம் உடம்பெங்கும் நடக்கிறது. எல்லா ரத்தக் குழாய்களும் விரிந்து கசிகின்றன. ரத்த அழுத்தம் விழுகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் தடுமாறுகின்றன. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டையே கொளுத்திவிட்டது போல!

2020-ல் கொரோனா நோயாளிகள் பலருக்கு நேர்ந்ததும் இதுவே. அந்த ஆண்டு பிரிட்டனில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. வீக்கத்தை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்தபோது, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் நன்மை இல்லை. போர் நடக்கும்போதே நம் படையைக் கட்டிப் போட்டால் என்ன பயன்? எப்போது படையை ஏவுவது, எப்போது அடக்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மருந்து இதைச் செய்யாது.

கடுங் காய்ச்சலோடு மூச்சு வாங்குதல், மனக் குழப்பம், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடுதல், இவற்றில் எது தோன்றினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தயிர் உண்ட விஞ்ஞானி

முதுமையில் மெச்னிகோவின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. மனிதன் ஏன் மூப்படைகிறான் என்று யோசித்தார். குடலில் கெட்ட கிருமிகள் உண்டாக்கும் விஷமே காரணம் என்று நம்பினார். பல்கேரியா நாட்டில் புளித்த பால் உண்பவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாமும் தினந்தோறும் அதை உண்டார். பாரிஸ் மக்களும் தயிருக்குப் பறந்தார்கள். தயிர் ஆயுளை நீட்டும் என்பது நிரூபணம் ஆகவில்லை. ஆனால் குடலில் வாழும் கிருமிகளில் நல்லவையும் உண்டு, அவை நம் காவல் படைக்கு உதவுகின்றன என்று இன்றைய விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்கிறார்கள்.

1914-ல் உலக யுத்தம் மூண்டது. ஆய்வுக் கூடத்து இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். மனிதரைச் சாவிலிருந்து காக்க உழைத்த கிழவர், மனிதரை மனிதரே கொல்லும் செய்தியைத் தினமும் கேட்டு நொந்தார். இருதயம் பலவீனமாயிற்று. 1916-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, 71-ம் வயதில், பாரிஸில் காலமானார்.

இளமையில் சாவைத் தேடியவர், கடைசி நாளில் சாவையும் ஒரு பாடமாகவே பார்த்தார். தாம் இறந்த பின் உடலை அறுத்துக் குடலைக் கவனமாக ஆராயும்படி நண்பரான டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தார். அவருடைய அஸ்தி, அவர் உழைத்த பாஸ்டர் நிலையத்து நூலகத்திலேயே ஒரு கலசத்தில் வைக்கப்பட்டது.

அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் உலகில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் ஒரு துளி ரத்தம் எடுத்து வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். எண்ணிக்கை ஏறியிருந்தால் பட்டாளம் புறப்பட்டுவிட்டது என்று அறிகிறார். நட்சத்திர மீனின் உடம்பில் ரோஜா முள்ளைச் செருகிவிட்டுத் தூங்காமல் கிடந்த மனிதர் நமக்கு விட்டுப்போன சொத்து அதுதான்.